துப்பாக்கி தயார், கால்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அறுபதைத் தாண்டியும் எல்க், மூஸ் (இரண்டும் பெரிய மான் இனங்கள்) என்று பெரிய விலங்கு வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள், துப்பாக்கிமேல் வைக்கும் அக்கறையில் பாதியைக்கூடத் தங்கள் கால்கள்மேல் வைப்பதில்லை. 30 வயதுக்குப் பிறகே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது, 60-க்கு மேல் இன்னும் வேகமாக. வேட்டை மலையில் என்றால், 2,500 மீட்டர் உயரத்துக்கு மேல் மூச்சும் வாங்கும். ஆனால் உண்மையான சோதனை சுட்ட பிறகுதான்: ஒரு எல்க்கின் இறைச்சி மட்டுமே 80 கிலோவைத் தாண்டலாம், அதைப் பல நடையாகச் சுமந்து இறங்கும்போதுதான் முழங்காலும் இதயமும் திணறும். வெறும் நடைப்பயிற்சி போதாது. சில மாதங்களுக்கு முன்பே முதுகில் எடையோடு படி ஏறி இறங்குங்கள் (முக்கியமாக இறங்குங்கள்!). அப்புறம் இதயப் பரிசோதனை, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்