உயர்நிலை மூன்று மாணவர்களின் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரப் பெற்றோர் சந்திப்பில், மின்னியலில் நாட்டமுள்ள தம் மகனைப் பற்றிப் பேசிய ஒரு தந்தை, தொடக்கக் கல்லூரிக்குப் போனால் ஆய்வுப் பக்கம், பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனால் தொழில் பக்கம் என்று இப்போதே வகுத்துவிட வேண்டாமா என்று கேட்டார். அன்று நேரமில்லாமல் சுருக்கமாகவே பதில் சொன்னேன். அதே கவலை உங்களில் பலருக்கும் இருப்பதால், மின்பொறியியல் பேராசிரியர் ஒருவரின் பணிவாழ்க்கையைக் கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், 15 வயதில், ஏறத்தாழ நம் பிள்ளைகளின் வயதில், இந்தியக் கடற்படையில் சேரும் நோக்கத்துடன் பயிற்சிக்குப் போனார். கடற்படை அவரை டெல்லி ஐஐடிக்கு மேற்படிப்புக்கு அனுப்பியது. 1973-இல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். இதற்கிடையே, 1971 டிசம்பரில் குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. நீருக்கடியில் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியை மேம்படுத்தும் பொறுப்பு அந்த இளம் அதிகாரியிடம் வந்தது. அதன்பின் அவர் தலைமையில் உருவான ஆப்சோ என்ற சோனார், 1980-களில் இந்தியக் கப்பல்களில் பொருத்தப்பட்டது.

பிள்ளைகள் சீருடையில் கழிக்கும் தேசிய சேவைக் காலத்தைப் படிப்பில் விழும் இடைவெளி என்று வருந்தும் பெற்றோர்களிடம் நான் இந்தக் கட்டத்தைத்தான் அடிக்கடி சொல்கிறேன். சோனாரில் கேட்கும் செவி ஒன்றல்ல, பல. வரிசையாக வைத்த அந்தச் செவிகளை ஒரே ஒலி சிறு கால இடைவெளியோடு வந்தடைவதைக் கணக்கிட்டுத்தான், அது எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிய முடிகிறது. சீருடையில் கற்ற இந்தக் கணக்குதான் பின்னாளில் அவரைப் பேராசிரியராக்கியது என்பது என் கருத்து.

பெங்களூரில் ஆய்வுக்கூடங்களை நிறுவிய பிறகு, 1990-களின் தொடக்கத்தில், நாற்பதுகளின் பிற்பகுதியில், அவர் கடற்படையிலிருந்து விலகி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். ரேடியோ அலைகள் சுவர்களிலும் கட்டடங்களிலும் பட்டுத் தெறிப்பது அதுவரை தொல்லையாகவே கருதப்பட்டது. அப்படித் தெறித்து வரும் அலைகள் ஒவ்வோர் ஆன்டெனாவையும் வெவ்வேறு விதமாக வந்தடைவதால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பிய வெவ்வேறு தகவல்களை, பல ஆன்டெனாக்களைக் கொண்டு தனித்தனியே பிரித்தெடுக்கலாம் என்று அவர் கண்டார். அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். மைமோ எனப்படும் அம்முறை இன்று வைஃபையிலும் 4ஜி, 5ஜி கைப்பேசிகளிலும் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே உங்கள் பிள்ளை வீட்டுப்பாடத்தை அனுப்பும் வேகத்தில் அந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

அதை நடைமுறைக்குக் கொண்டுவரக் கட்டுரைகள் போதவில்லை. ஆகவே, பேராசிரியராக இருந்தபடியே 1998-இல் ஐயோஸ்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொழில்நுட்பத்தை 2003-இல் இன்டெல் வாங்கியது. அடுத்து அவர் இணைந்து நிறுவிய பிசீம், 4ஜிக்கான சில்லுகளைச் செய்தது. 2010-இல் அதை பிராட்காம் வாங்கியது. 2014-இல் அவருக்குத் தகவல்தொடர்புத் துறையின் உயரிய விருதான மார்க்கோனி பரிசு கிடைத்தது.

கேள்வி கேட்ட தந்தைக்கு இப்போது என் பதில் இது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்துப் பல்கலைக்கழகம் சென்று ஆய்வில் ஈடுபடவும் வழியுண்டு. தொடக்கக் கல்லூரியில் படித்துவிட்டுத் தொழிற்கூடத்தில் நிற்கவும் வழியுண்டு. ஆகவே எந்த நிலையம் என்பதைவிட, எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிள்ளை விரும்புகிறான் அல்லது விரும்புகிறாள் என்பதை முதலில் கேளுங்கள்.

இம்மாத இறுதிக்குள் தர வேண்டிய விருப்பப் படிவத்தில் காரணம் எழுதும் பகுதியைத் தயவுசெய்து நீங்கள் நிரப்ப வேண்டாம். பிள்ளையே தன் கையால் எழுதட்டும். அதைப் படித்தபின் என்னோடு பேச விரும்புவோர் வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை என் அறைக்கு வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்