15 வருடம் வரைந்த படி

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் போனில் கேட்டாயே, "அர்த்தமே தெரியாத ஸ்லோகத்தைத் தினமும் சொல்லி என்னம்மா பிரயோஜனம்?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. நீ அலமாரியில் விட்டுப்போன வால்டர் மில்லரின் 'எ கேன்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்' நாவலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

அணு ஆயுதப் போரில் உலகம் அழிகிறது. மிஞ்சிய ஜனங்கள், எல்லாவற்றுக்கும் படித்தவர்கள்தான் காரணம் என்று அவர்களைக் கொன்று, புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். தப்பிய தாள்களைக் காப்பதற்கென்றே ஒரு மடம் உருவாகிறது. சுமார் 600 வருடம் கழித்து, பிரான்சிஸ் என்ற பையன் பாலைவனத்தில் தவக்கால விரதம் இருக்கும்போது ஒரு மின்சுற்று வரைபடமும் மளிகைச் சீட்டும் கண்டெடுக்கிறான். மடத்தை நிறுவிய லீபோவிட்ஸுடையவை என்பதால் இரண்டுமே புனிதப் பொருள்.

வரைபடம் எதற்கென்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஆட்டுத்தோலில் கொடிகள் இழைத்து, பொன் தகடு ஒட்டி, 15 வருடம் உட்கார்ந்து அதற்கு ஒரு படி எடுக்கிறான். அசலையும் படியையும் போப்பாண்டவரிடம் கொண்டுபோகும் வழியில் திருடன் பளபளக்கும் படியைப் பிடுங்கிக்கொள்கிறான். அசல் தப்பிக்கிறது. நீ வரையாமல் இருந்திருந்தால் இதுவல்லவா போயிருக்கும் என்று போப் அவனைத் தேற்றுகிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

மில்லர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். 1944 பிப்ரவரி 15-ல் இத்தாலியின் மான்டே கசினோ மடத்தைத் தரைமட்டமாக்கிய தாக்குதலில் அவரும் இருந்தார். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் நிறுவிய மடம் அது. அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்கள் செத்தார்கள். சில மாதம் முன்பே ரோமுக்குக் கொண்டுபோயிருந்ததால் பழஞ்சுவடிகள் பிழைத்தன. 1947-ல் மில்லர் கத்தோலிக்கரானார். 1959-ல் நாவல் வந்தது. குண்டு போட்ட மடத்தை எழுதி எழுதித் திரும்பக் கட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசிப் பகுதியில் மறுபடியும் அணுகுண்டு. கதிர்வீச்சில் வெந்த குழந்தையோடு ஒரு தாய். வேதனை இல்லாமல் முடித்துவிடலாம் என்கிறார் மருத்துவர். கூடவே கூடாது என்கிறார் மடாதிபதி. அந்தப் பிள்ளையின் வேதனையைப் படிக்கும்போது மடாதிபதியின் நியாயம் எதுவும் என் மனசில் ஏறவில்லை, தம்பி.

ஆனால் பிரான்சிஸை விட முடியவில்லை. உன் ஆச்சியும் அர்த்தம் தெரியாமல்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு எழுத்துப் பிசகினால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பாள். அவள் தந்ததைப் பிசகாமல் வைத்திருக்கிறேன். அர்த்தம் கேட்கத் தோன்றியது உனக்குத்தான். அதில் எனக்குச் சந்தோஷம்.

புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பகுதியில் ஒரு துறவி சிலுவையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மின்விளக்கை மாட்டுகிறான். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டுப் போன் பண்ணு. அவன் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கணும்.

அன்புடன்,
அம்மா