பழைய காரின் கியர்பாக்ஸ் நிலையையும் எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பழைய கார்களை வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளில் இப்போது ஆட்டோமேட்டிக் வண்டிகளும் நிறையவே கைமாறுகின்றன. ஆர்.சி., காப்பீடு, கடன் நிலுவை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் தாளில் எழுதித் தரும் விற்பனையாளர்கள், வண்டியின் விலையுயர்ந்த உறுப்புகளில் ஒன்றான கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வரிகூட எழுதித் தருவதில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருப்பதால், கிளட்ச் மிதித்து ஓட்டும் வண்டி அவருக்கு ஒத்துவராது. ஆகவே அண்மையில் ஏ.எம்.டி. வகைக் கியர்பாக்ஸ் கொண்ட பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினோம். வாங்குமுன் பழக்கமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். நாங்குநேரி செல்லும் நான்குவழிச் சாலையில் ஓட்டியும் பார்த்தோம். குறை எதுவும் தென்படவில்லை. பிறகொரு நாள் பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருந்தபோது, வளைவொன்றில் கியர் தானாகவே நியூட்ரலுக்கு விழுந்து, முன்பலகையில் கியர் எழுத்து விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்த அந்த ஏற்றத்தில், பிரேக்கை விடாமல் மிதித்திருந்ததால்தான் வண்டி பின்னோக்கி உருளாமல் நின்றது. ஒர்க்‌ஷாப்பில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் வண்டல் படிந்திருந்தது. கியரை மாற்றும் கருவிக்குச் செல்லும் மின் இணைப்பின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விற்றவரிடம் கேட்டபோது, டெலிவரி நோட்டில் அச்சிட்டிருந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். வண்டியை உள்ளது உள்ளபடி ஓட்டிப் பார்த்து, திருப்தியடைந்து பெற்றுக்கொண்டதாக அந்த வரி சொல்கிறது.

ஓட்டிப் பார்ப்பதால் கியர்பாக்ஸின் நிலை தெரிந்துவிடும் என்ற எண்ணத்தின் மீதுதான் அந்த வரி நிற்கிறது. மேனுவல் வண்டியில் அது ஓரளவுக்குச் சரி. கிளட்ச் தேய்ந்திருந்தால் காலுக்குத் தெரியும், கியர் உரசினால் காதுக்குக் கேட்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் நிலைமை வேறு. ஏ.எம்.டி. என்பது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதன் ஏவலில் இயங்கும் கருவியும் செய்கின்றன. சி.வி.டி.யில் பற்சக்கர அடுக்குகளுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் அவற்றுக்கிடையே ஓடும் எஃகுப் பட்டையும் வேலை செய்கின்றன. டார்க் கன்வர்ட்டர் வகை, என்ஜினின் விசையை எண்ணெயின் ஓட்டத்தால் கடத்துகிறது. இரட்டைக் கிளட்ச் வகையில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு மற்றொன்றும் இருக்கின்றன. இவற்றில் எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச் உள்ளவை ஊர்ந்து ஊர்ந்து செல்லும் நெரிசலில் வேகமாகச் சூடேறுகின்றன. எந்த வகையானாலும் பல கோளாறுகள் எண்ணெயும் கிளட்சும் நன்றாகச் சூடான பிறகுதான் தலைகாட்டும். கடை வாசலிலிருந்து கிளம்பி வண்ணாரப்பேட்டையைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ஓட்டத்தில் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. புளியரை எஸ் வளைவு போன்ற ஏற்றத்தில், ஏ.சி.யைப் போட்டு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு நின்று நின்று ஏறினால்தான் உண்மை தெரியும். அப்படியொரு சோதனைக்கு வண்டியைக் கொடுக்கும் கன்சல்டிங் கடை எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை ஸ்கேனர் கொண்டு சில நிமிடங்களில் அழித்துவிடலாம். அழித்த பிறகு எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். கோளாறு மீண்டும் நிகழும்வரை அந்தக் குறியீடு திரும்பப் பதிவாகாது. விற்பனைக்கு முந்தைய நாள் இதைச் செய்திருந்தால், வாங்குபவருடன் வரும் மெக்கானிக் எவ்வளவு திறமைசாலியானாலும் அவருக்குக் கோளாறு எளிதில் புலப்படாது.

நம் பகுதியில் இந்தக் கேள்வி கூடுதல் அவசரம் பெற்றதற்குக் காரணம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலி சந்திப்பு, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் தண்ணீர் புகுந்ததை நாம் அனைவரும் கண்டோம். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையிலும் வீதிவீதியாக வண்டிகள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியின் இருக்கையை மாற்றலாம், உள்ளே வாசனை தெளிக்கலாம், என்ஜின் ஆயிலையும் மாற்றலாம். ஆனால் கியர்பாக்ஸின் மேலுள்ள காற்றுத்துளை வழியாக நீர் உள்ளே போயிருந்தால், அது எண்ணெயோடு கலந்து பால்போல் வெளிறச் செய்யும். எண்ணெயில் முழுகிய கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் வகைகளில் கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு பிரிந்து வரத் தொடங்கும். மின் இணைப்புகளில் புகுந்த ஈரமோ மாதங்கள் கழிந்த பிறகும் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். என் வண்டி எந்த ஊர் வெள்ளத்தில் நின்றது என்பதை விற்றவர் சொல்லவில்லை. அதைக் கேட்டறியும் உரிமை வாங்குபவருக்கு இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சட்டம் இதில் முற்றிலும் மௌனமாக இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-வது பிரிவில், குறிப்பிட்ட வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது அப்பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாங்குபவர் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் இப்பாதுகாப்பு இல்லை. சூடேறினால் மட்டுமே வெளிப்படும் குறையை மறைகுறை என்று வாதிட இங்கே இடமிருக்கிறது. எனினும் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் விற்பவருக்குச் சட்டப்படி உள்ள இத்தகைய உட்கிடைப் பொறுப்புகளை ஒப்பந்தத்தால் விலக்கவும் 62-வது பிரிவு இடம் தருவதால்தான், டெலிவரி நோட்டின் அந்த ஒற்றை வரிக்கு இவ்வளவு பலம் வந்துவிடுகிறது. ஆகவே அந்த வரியின் கீழ் கையெழுத்திடுமுன், அதே தாளில் கியர்பாக்ஸில் இன்ன தேதிவரை அறிந்த குறை எதுவும் இல்லை என்றும், வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை என்றும் விற்பவர் கைப்பட எழுதித் தருமாறு ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். எழுதித் தர மறுப்பதே வாங்குபவருக்குப் போதுமான பதில்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வணிகர் எடுத்துரைத்த தரத்தில் பொருள் இல்லாவிட்டால் அதைக் குறைபாடாகவே கருதுகிறது. ஆகையால் விளம்பரத்தையும், வாட்ஸ்அப்பில் வந்த விவரங்களையும் அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வாங்குபவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் தொழில்முறை விற்பனையாளர் அல்லாத தனிநபரிடம் வாங்கிய வண்டிக்கு இந்த வழி பெரும்பாலும் பயன்படாது.

வாங்கிய வண்டியில் இப்படிக் கோளாறு கண்ட வாசகர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, கோளாறு தெரிந்தவுடன் கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள் என்பதுதான். பிரித்துவிட்டால், குறை முன்பே இருந்ததா, பிரித்தவர் செய்ததா என்ற தகராறு வந்துவிடும். முதலில் ஸ்கேனர் அறிக்கையின் அச்சுப்படியையும், மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வக் கருத்தையும், படங்களையும் வாங்கிக்கொண்டு, விற்றவருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் பொருளை உரிய ஆய்வகத்தின் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதேசமயம், வண்டி குலுங்கினாலே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருப்பது, வலுவிழந்த பேட்டரி, குறைந்துபோன எண்ணெய் ஆகியவையும் அதே அறிகுறிகளைக் காட்டும். ஏ.எம்.டி. வண்டி கியர் மாறும்போது சற்றுத் தயங்குவது அதன் இயல்பு. முழுக் கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், இன்னொருவரிடம் காட்டிவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

பதிவுபெற்ற பழைய வாகனங்களை வாங்கி விற்பவர்களுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் வெளியாகி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாகனம் தம் வசம் வந்ததை அவர்கள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அது வெளியே சென்றுவரும் பயணங்களுக்கும் மின்னணுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். வரவேற்கத்தக்க விதிகள் இவை. ஆனால் இவற்றின் நோக்கம் முழுவதும் உரிமை மாற்றத்தையும் பொறுப்பாளர் யார் என்பதையும் சுற்றியே இருக்கிறது. வண்டியின் நிலையை வாங்குபவருக்கு அறிவிக்கும் கடமை இவற்றால் வரவில்லை. பழைய கார் விற்பனையில் வியாபாரியின் இலாப வித்தியாசத்தின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. பெறும் அரசு, அந்த வியாபாரத்தில் வாங்குபவருக்கு ஒரு தாள் அளவுக்காவது உண்மை கிடைக்க வழி செய்வது நியாயமே. நேர்மையாகத் தொழில் செய்யும் கன்சல்டிங் உரிமையாளர்கள் நம் ஊரில் பலர் உள்ளனர். இத்தாளால் அவர்களுக்கு நட்டம் ஏதுமில்லை.

உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 ஆகியவற்றோடு தமிழில் ஒரு பக்க அறிக்கையையும் இணைக்கப் போக்குவரத்துத் துறை ஆணையிட வேண்டும். கியர்பாக்ஸின் வகை, கடைசியாக எண்ணெய் அல்லது கிளட்ச் மாற்றிய தேதியும் அப்போதைய கிலோமீட்டரும், விற்பனை நாளன்று எடுத்த ஸ்கேனர் அறிக்கை, வெள்ளத்தில் மூழ்கியதா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற பதில், விற்பவரின் அங்கீகாரச் சான்று எண், கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். அரசாணை வரும்வரை காத்திராமல், இரு மாவட்டங்களின் பழைய கார் விற்பனையாளர்களும் தாமாகவே இதைத் தொடங்கலாம். மாவட்ட ஆட்சியர்கள் தங்கள் நுகர்வோர் கூட்டங்களில் இதனை முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.