அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருந்தொன்றைக் கொடுத்ததும் எலிகளின் இதயத் திறன் கூடியதாகத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் படித்தேன். அதற்குச் சான்றாகச் சொல்லப்பட்டிருந்தது இரத்த அழுத்தம் ஏறியது ஒன்றுதான். உடலியங்கியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதகின் ஷட்டரை இறக்கினால் மேற்புறத்தில் நீர்மட்டம் ஏறும். கடைமடைக்குப் போகும் தண்ணீரோ குறையும். அதனால்தான் கல்லணையில் விநாடிக்கு எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று நம் விவசாயிகள் கேட்கிறார்கள். இரத்தக் குழாய்கள் சுருங்கும்போதும் அப்படித்தான்: அழுத்தம் ஏறும், இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம் குறைந்தும் போயிருக்கலாம். 'இதய வெளியீடு' எனப்படும் இந்த அளவு, ஓய்வில் இருக்கும் வளர்ந்த மனிதருக்கு ஏறத்தாழ 5 லிட்டர்.

இதைக் கணக்கிட 1870-இல் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக் சொன்ன வழி இன்றும் செல்லும். உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது; தமனி இரத்தத்தில் லிட்டருக்கு 200 மி.லி.யும், நுரையீரலுக்குத் திரும்பும் இரத்தத்தில் 150 மி.லி.யும் இருக்கின்றன என்றால், ஒவ்வொரு லிட்டரும் 50 மி.லி.யை இறக்கிவிட்டு வந்திருக்கிறது. ஆகவே ஓடியது 5 லிட்டர்.

நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடித்து, துடிப்புக்குக் கால் மி.லி. அளவே தள்ளும் எலி இதயத்தில் இந்த ஓட்டத்தை நேரடியாக அளக்கும் வேலை மிகவும் நுணுக்கமானது. நெஞ்சைத் திறந்து, பெருந்தமனி கிளம்பும் இடத்தில் மீயொலியால் ஓட்டத்தை அளக்கும் கருவியின் சிறு வளையத்தை மாட்டி, இடைவெளியில் ஜெல் நிரப்புவோம். அதில் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு கெட்டுவிடும். இதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் கிளைகள் வளையத்துக்கு முன்பே பிரிந்துவிடுவதால், அந்தப் பங்கு கணக்கில் வராது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒருமுறை, எலியின் அடியில் இருந்த வெப்பத் தட்டு அணைந்துபோனதை நாங்கள் கவனிக்கவில்லை. உடல் குளிர்ந்து துடிப்பு தளர்ந்து ஓட்டம் சரிந்ததை மருந்தின் விளைவென்று குறிப்பேட்டில் எழுதிவிட்டோம். மறுநாள் அந்தப் பக்கத்தை அடித்தபோது இருந்த மன உறுத்தல் இன்றும் மாறவில்லை. மயக்க மருந்தும் இதய வெளியீட்டைக் குறைக்கக்கூடியதே.

ஆகவே இத்தகைய ஆய்வுகளை வெளியிடும்போது அளந்தது அழுத்தமா ஓட்டமா, எந்த முறையில், விலங்கு மயக்கத்தில் இருந்ததா விழிப்பில் இருந்ததா என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
கும்பகோணம்.