கன்னியாகுமரி – ஸ்ரீநகர் கார் பயணம்: முடிவானவை

மக்களே, நேத்து பேசுனத எல்லாம் இங்க போடுறேன். அப்புறம் யாரும் "எனக்குச் சொல்லலையே"ன்னு வரக்கூடாது.

வழி என்.எச். 44தான். மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு. மொத்தம் சுமார் 3,700 கி.மீ. ஒரு நாளைக்கு 500க்கு மேல ஓட்டுறதில்ல, இருட்டுனா ரூம். அப்படின்னா போக மட்டும் 8 நாள். ஜம்மு தாண்டி மலைப்பாதையில ராம்பன் பக்கம் மழை பெஞ்சா மண் சரிஞ்சு ரோடு அடைச்சிரும், அதனால ஒரு நாள் கையில வெச்சுக்குவோம். 6 நாள்ல போயிரலாம்னு சொன்ன அண்ணன் தனியா பைக்ல வரலாம்.

நாக்பூர் தாண்டுனா பென்ச் புலிக் காடு. மிருகங்க அடியில கடந்து போக ரோட்டையே தூக்கிக் கட்டியிருக்காங்க. அந்த இடத்தைப் பகல்லதான் தாண்டணும், பார்க்கவும் வேணும்.

முக்கியமா, ஜம்மு காஷ்மீர்ல நம்ம ப்ரீபெய்டு சிம் எடுக்காது. வண்டிக்கு ரெண்டு பேராவது இப்பவே போஸ்ட்பெய்டுக்கு மாறிடுங்க.

ஃபாஸ்டேக், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூணையும் பாத்துருங்க. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னும்தான். கொடைக்கானல் மறக்கல!

வர்றவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள பேரு போடுங்க.