பயணிகள் நலன் பேணும் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான அலுவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாந்தக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தியடித் தரிப்பிடத்தின் கூரை திருத்தப்பட்டது. தகரம் வாங்க உதவிய புலம்பெயர் உறவுகளுக்கு நன்றி. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு எங்கள் நேரத்தில் பெரும்பகுதி கடைசி பஸ்ஸுக்கே போனது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் படகுத்துறை வழியில் எங்கள் ஊருக்கு வரும் மாலைச் சேவை, ஐப்பசி மழை தொடங்கியதும் நின்றுவிட்டது. முதலில் சாரதி இல்லை என்றார்கள், பிறகு ரயர் இல்லை என்றார்கள். நிர்வாகசபையினர் முறைவைத்து நகர பஸ் நிலையத்தில் நின்று, காத்திருப்பவர்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் பதிந்தோம். ரியூசன் முடிந்த பிள்ளைகள், புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று வேலைசெய்யும் பெண்கள், கிளினிக் கொப்பியோடு விடியவே பெரியாஸ்பத்திரிக்கு வந்த முதியவர்கள். ஒரு நாள் மழையில், மருந்துப் பையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்ற ஓர் அம்மா, "ஓட்டோவுக்குக் குடுக்கிற காசில எனக்கு ஒரு கிழமைச் சாப்பாடு பிள்ளை" என்றார். அதையும் கொப்பியில் எழுதினேன்.

அந்தக் கொப்பியோடு அலுவலகப் படிகள் ஏறி இறங்கியபோதுதான் சங்கதி விளங்கியது. பஸ் வாங்குவது மூலதனச் செலவினம். சாரதியின் சம்பளமும் எண்ணெயும் ரயரும் மீண்டெழும் செலவினம். முதலாவதற்கு ஒருமுறை பணம் கிடைத்தால் மாலை போட்டு ஓடவிடலாம். இரண்டாவது ஆண்டுதோறும் வேண்டும். அதைப் பத்தாண்டுக்கு யார் தருவார் என்ற கேள்விக்கு எந்த மேசையிலும் மறுமொழி இல்லை.

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதி தருவது மாகாண அதிகாரசபை. மாகாணம் தாண்டுபவை, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ். இலங்கைப் போக்குவரத்துச் சபையும் (இ.போ.ச.) ரயிலும் மத்திய அரசிடம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம். சி, டி தர வீதிகள் மாகாணத்திடம். இவற்றையெல்லாம் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்திருக்கக்கூடிய வடக்கு மாகாணசபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் கழிந்துவிட்டன.

நீண்டகாலத் திட்டமும் பணமும் சேர்ந்தால் வேலை நடக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். 1990இல் நின்ற ரயில், இந்தியக் கடனுதவியில் பாதை புதிதாகப் போடப்பட்டு 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணம் வந்தது. 2015 தையில் காங்கேசன்துறையைத் தொட்டது. ஸ்ரேசனில் இறங்கித் தீவுக்குப் போகிறவரின் பஸ்ஸையும் அதே மாதிரிக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறோம். பஸ் சற்றுப் பிந்தினால் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு போய்விடும். பிறகு இறங்குதுறையில் காற்றோடு குந்தியிருக்க வேண்டியதுதான். கொடிகாமம் பக்கம் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி ஓடிய பழைய தட்டிவான்கூட, மரக்கறிக் கடகம் ஏற்றச் சந்தை நேரம் பார்த்துத்தானே புறப்பட்டது!

ஆகவே எங்கள் மகஜரில் புது பஸ் கேட்கவில்லை. இ.போ.ச.வும் தனியாரும் படகு நேரத்தோடு பொருந்தும் ஒரே இணைந்த நேர அட்டவணையில் ஓட வேண்டும். கடைசிச் சேவையின் நட்டத்தைப் பொதுப்பணம் தாங்க வேண்டும், வீதி இலாபம் தர வேண்டுமென்று ஒருவரும் கேட்பதில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், எண்ணெய் வரிசையில் மோட்டார் சைக்கிள்கள் படுத்துக் கிடந்தபோது பஸ்ஸின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது.

தை பிறந்ததும் அந்தச் சேவை திரும்ப ஓடத் தொடங்கியது. எழுத்தில் உறுதி இன்னும் இல்லை. வைகாசியில் மறுபடியும் கொப்பியோடு நிற்கப்போகிறோம். மாலையில் ஒரு மணித்தியாலம் பஸ் நிலையத்தில் நிற்கக்கூடியவர்கள் கூட்டம் முடிய என்னிடம் பெயரைத் தாருங்கள்.

செயலாளர்