மழை நாளிலும் வெந்நீர்

ஐயா,

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சோலார் ஹீட்டர் கைவிட்டுவிடும். உடனே 2,000 வாட் கீசரைப் போடுகிறோம். போர் தண்ணீர் உப்பில் அதன் சூடேற்றும் கம்பிச்சுருளும் வெள்ளையாகப் பொரிந்து போகிறது.

சூரிய ஒளியோடு இயங்கும் ஹீட் பம்ப் இதற்கு நல்ல வழி. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதே, அதே வேலைதான். மொட்டைமாடித் தகட்டுக்குள் ஓடும் குளிரூட்டித் திரவம் வெயிலின் சூட்டையும் காற்றின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். கம்ப்ரசர் அதைத் தண்ணீருக்கு ஏற்றும். 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். நம் ஊர் மார்கழிக் காற்றிலேயே அதற்குப் போதுமான சூடு உண்டு.

விலைதான் இடிக்கிறது. கூரை சூரிய மின்சாரத்துக்கு மானியம் தரும் அரசு, இதற்கும் தர வேண்டும். முதலில் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்குமாவது தரட்டும்.

– ஒரு வாசகர், எல்லீஸ் நகர், மதுரை